சுமை தூக்கிச் சிகரம் தொட்டவர்: டென்சிங் நோர்கே

பாலோவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலை என்றால் குளுவாங் நகரை ஒட்டி நிற்கும் குனோங் லம்பாக்தான். உயரம் 510 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சற்றுத் துணிந்தவர்கள் பெலுமுட் மலைக்கும், தங்காக்கில் உள்ள 1,276 மீட்டர் உயர லேடாங் மலைக்கும் போவார்கள். பல்கலைக்கழகம் வந்த பிறகு சபா மாநிலத்தின் கினாபாலு மலையில் ஏறியவர்களும் நம்மிடையே உண்டு. அது 4,095 மீட்டர். அடுத்தது என்ன என்ற கேள்வி எழும்போதுதான் இமயமலையின் பெயர் பேச்சில் வருகிறது. நேபாளத்தில் 6,000 மீட்டரை ஒட்டிய சில சிகரங்களில், மலையேற்றத்திற்குப் புதியவர்களும் தக்க பயிற்சியோடும் வழிகாட்டியின் துணையோடும் ஏறலாம். அவற்றை டிரெக்கிங் சிகரங்கள் என்கிறார்கள்.

சென்ற விடுமுறையில் நண்பர்கள் சிலர் கூடி, அவற்றுள் ஒன்றான ஐலண்ட் பீக் சிகரத்திற்குப் போவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதில் முதன்முதலில் ஏறியவர்கள் யார் என்று தேடிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்திற்கு வந்த குழுவினர், உயரத்திற்கு உடலைப் பழக்கிக்கொள்ளும் பயிற்சியாக அதில் ஏறியிருக்கிறார்கள். அவர்களுள் டென்சிங் நோர்கேயும் ஒருவர்.

டென்சிங்கின் பெயரை நாம் அனைவரும் ஆரம்பப் பள்ளியிலேயே பொது அறிவுப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1953 மே 29, எவரெஸ்ட், எட்மண்ட் ஹில்லரி, டென்சிங் நோர்கே. அந்த ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடும். அதற்கு முன்னால் 18 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த 18 ஆண்டுகளும் அவர் மலையைக் கற்றுக்கொண்டிருந்தார். பெரும்பாலும் முதுகில் சுமையோடு கற்றுக்கொண்டிருந்தார். இக்கட்டுரை அந்த ஆண்டுகளைப் பற்றியது.

யாக் மேய்த்த சிறுவன்

டென்சிங் 1914ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் பிறந்தார் என்று கொள்ளப்படுகிறது. நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. பயிரையும் பருவத்தையும் வைத்துக் கணக்கிட்டதுதான். பிற்காலத்தில் எவரெஸ்டைத் தொட்ட மே 29ஐயே தம் பிறந்தநாளாக அவர் வைத்துக்கொண்டார். பிறந்த இடம் நேபாளமா திபெத்தா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. வளர்ந்தது நேபாளத்தின் கும்பு பகுதியில், தாமே என்ற கிராமத்தில். தந்தை யாக் எருதுகளை மேய்ப்பவர். 13 பிள்ளைகளில் டென்சிங் 11ஆவது. பெரும்பாலான பிள்ளைகள் இளமையிலேயே இறந்துவிட்டனர்.

பெற்றோர் முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்தின் தலைமை லாமாவின் அறிவுரைப்படி டென்சிங் நோர்கே என்று மாற்றினார்கள். துறவியாக்கும் எண்ணத்தில் அவரை மடத்திற்கு அனுப்பியும் பார்த்தார்கள். அது அவருக்கு ஒத்துவரவில்லை, வீட்டிற்கே திரும்பிவிட்டார். பள்ளிக்கூடம் என்பது அந்த மலையில் இல்லை. கடைசி வரையில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், பிழைப்புக்காகப் பல ஊர்களில் திரிந்ததில் பல மொழிகளைப் பேசக் கற்றுக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஷெர்பா என்பது ஒரு வேலையின் பெயரன்று, ஓர் இனத்தின் பெயர். கிழக்கிலிருந்து வந்த மக்கள் என்பது அதன் பொருள். மலையேற வந்த வெளிநாட்டவர்கள் அவர்களிடம் மூட்டையைக் கொடுத்துக் கொடுத்து, அச்சொல்லுக்குச் சுமைதூக்கி என்ற பொருளே நிலைத்துப் போகும் நிலை வந்தது. உழைக்க வந்த மக்களுக்கு மற்றவர்கள் பெயர் சூட்டுவது எப்படியிருக்கும் என்பது, தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி.

முதல் வாய்ப்பு

அக்காலத்தில் நேபாளம் வெளிநாட்டவர்களுக்குக் கதவடைத்திருந்தது. 1921 முதல் எவரெஸ்டுக்குச் சென்ற பிரிட்டிஷ் குழுக்கள் எல்லாம் இந்தியாவின் டார்ஜிலிங்கில் ஆள் சேர்த்துக்கொண்டு, திபெத் வழியாக வடக்குப் பக்கம் போயின. ஆகவே, 1932ஆம் ஆண்டு இறுதியில் 18 வயது டென்சிங் வீட்டை விட்டுக் கிளம்பித் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டார்ஜிலிங்கிற்கு வந்து சேர்ந்தார். மாடு பார்த்தார், பால் விற்றார். 1933ஆம் ஆண்டுக் குழுவில் சேர முயன்றார். நகர வழக்கப்படி முடியை வெட்டி, நேபாளிகளைப் போல் உடுத்தியிருந்ததால், அவர் ஷெர்பா என்பதையே நம்பாமல் திருப்பி அனுப்பிவிட்டனர்.

1935ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன் தலைமையில் ஒரு சிறிய ஆய்வுக் குழு புறப்பட்டது. இம்முறையும் டென்சிங்கிடம் முன்பு வேலை பார்த்ததற்கான சான்றிதழ் எதுவும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் இருவர் மருத்துவச் சோதனையில் தேறவில்லை. ஷெர்பாக்களின் தலைவராக இருந்த நண்பர் ஆங் தர்க்கே இவரை முன்னால் தள்ளிவிட்டார். இளைஞரின் புன்னகை ஷிப்டனுக்குப் பிடித்துப்போயிற்று. வேலை கிடைத்தது. அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு அனுபவமும் இல்லை என்ற சிக்கலைப் பட்டம் முடித்து வெளியேறும் ஒவ்வொருவரும் அறிவோம். டென்சிங் அதை ஒரு நண்பரின் கையால் கடந்தார்.

அந்த முதல் பயணத்திலேயே மலை அவருக்கு ஒரு கடுமையான பாடத்தைக் காட்டியது. எவரெஸ்டின் வடக்குப் பக்கத்தில் அக்குழுவினர் ஒரு வெள்ளையரின் சடலத்தைக் கண்டனர். அவர் மோரிஸ் வில்சன். மலையேறிய அனுபவம் ஏறக்குறைய எதுவுமின்றி, மனஉறுதி ஒன்றே போதும் என்று நம்பியவர். சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டி 1933இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்து, மறு ஆண்டு துறவி வேடத்தில் திபெத்திற்குள் நுழைந்து, தனியாகச் சிகரத்தை நோக்கிப் போனவர். பனிச்சரிவில் படி வெட்டுவது எப்படி, உறைபனியில் காலூன்றுவது எப்படி என்பதை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. வில்சனும் புதியவர், டென்சிங்கும் புதியவர். வேறுபாடு ஒன்றுதான். டென்சிங் தெரிந்தவர்களோடு சென்றார். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பழகினார்.

சிகரமில்லாத 12 ஆண்டுகள்

1936ஆம் ஆண்டு மீண்டும் எவரெஸ்ட். பருவமழை முன்கூட்டியே வந்துவிட்டதால் குழு திரும்பியது. 1938ஆம் ஆண்டு டில்மன் தலைமையில் மூன்றாம் முறை. அப்போது ஏறத்தாழ 8,290 மீட்டர் உயரத்தில் அமைந்த கடைசி முகாம் வரைக்கும் டென்சிங் சுமை கொண்டு சேர்த்தார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மூட்டையோடு என்றால் சொல்லவே வேண்டாம். அந்த உழைப்புக்காக இமாலய மன்றம் அவருக்குப் ‘புலி’ப் பதக்கம் அளித்தது. ஆயினும், அது சுமைதூக்கும் ஷெர்பாக்களுக்கான பதக்கம். உச்சிக்குப் போகும் கயிற்றில் அவருக்கு இன்னும் இடமில்லை.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. மலைப்பயணங்கள் நின்றன. டென்சிங் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சித்ராலுக்குப் போய் ஒரு படை அதிகாரியிடம் வேலை பார்த்தார். மூத்த மகன் நீமா டோர்ஜே நான்கு வயதிலேயே இறந்திருந்தான். 1944ஆம் ஆண்டு மனைவி தாவா பூட்டியும் சித்ராலில் காலமானார். பெம் பெம், நீமா என்ற இரண்டு சிறு பெண்குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு 1945ஆம் ஆண்டு டார்ஜிலிங் திரும்பினார். பின்னர் ஆங் லாமு என்பவரை மணந்தார். வேலை இல்லாத அந்த நாள்களில் குடும்பத்தைத் தாங்கியவர் ஆங் லாமுதான். தம் மனைவியின் உழைப்பால் குடும்பம் நடந்ததைச் சொல்ல டென்சிங் பிற்காலத்திலும் தயங்கியதில்லை.

1947ஆம் ஆண்டு ஏர்ல் டென்மன் என்பவர் வந்தார். கனடாவில் பிறந்தவர். கையில் போதிய பணமில்லை, அனுமதிச் சீட்டில்லை, தக்க கருவிகளும் இல்லை. எவரெஸ்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. அறிவுக்கு ஒவ்வாத பயணம் என்று தெரிந்தும் டென்சிங்கால் மறுக்க முடியவில்லை. எவரெஸ்ட் என்ற பெயர் அவரை இழுத்தது. ஆங் தாவா என்ற ஷெர்பாவையும் சேர்த்து மூவராகத் திபெத்திற்குள் மறைவாகப் போனார்கள். வடக்குக் கணவாய்க்குக் கீழே புயல் அடித்தது. மூவரும் திரும்பினார்கள். வில்சன் இறந்த அதே பக்கத்திலிருந்து டென்மன் உயிரோடு திரும்பினார். டென்மன் தம்முடைய கம்பளித் தொப்பியை டென்சிங்கிடம் விட்டுச் சென்றார். அந்தத் தொப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1947ஆம் ஆண்டு ஒரு சுவிஸ் குழுவுடன் கார்வால் இமயத்திற்குப் போனபோதுதான் திருப்பம் நேர்ந்தது. ஷெர்பாக்களின் தலைவர் வாங்டி நோர்பு விபத்தில் படுகாயமுற்றார். அவரை மீட்டுக் கொண்டுவரும் பணியில் டென்சிங் முன்னின்றார். அதன் பிறகு தலைமைப் பொறுப்பு டென்சிங்கிடம் வந்தது. 6,940 மீட்டர் உயரமுள்ள கேதார்நாத் சிகரத்தின் உச்சிக்கும் சுவிஸ் வீரர்களோடு ஏறினார். ஒரு பெரிய சிகரத்தின் உச்சியில் அவர் நின்றது அதுதான் முதல் முறை. முதல் வேலை கிடைத்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 33.

திரும்பி வருவதும் கல்வியே

1951ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குழு ஒன்றுடன் நந்தாதேவிக்குச் சென்றார். அங்கே குழுத்தலைவரும் மற்றொரு வீரரும் உச்சியை நோக்கிப் போனவர்கள் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடிக்கொண்டு டென்சிங்கும் லூயி டுபோஸ்டும் நந்தாதேவி கிழக்குச் சிகரத்தின் உச்சி வரை ஏறினர். தம் வாழ்வில் ஏறியவற்றுள் மிகக் கடினமானது எவரெஸ்ட் அன்று, அந்தச் சிகரமே என்பது டென்சிங்கின் கருத்து.

இதற்குள் நிலைமை தலைகீழாகியிருந்தது. திபெத்தின் கதவு மூடியது, நேபாளத்தின் கதவு திறந்தது. 1952ஆம் ஆண்டு சுவிஸ் குழு தெற்குப் பக்கமாக எவரெஸ்டுக்கு வந்தது. அவர்கள் டென்சிங்கைச் சுமையாட்களின் தலைவராக மட்டும் வைக்காமல், மலையேறும் வீரர்களுள் ஒருவராகவும் சேர்த்துக்கொண்டனர். தம் வாழ்வில் கிடைத்த மதிப்புகளுள் உயர்ந்தது என அவர் இதைக் கருதினார். உச்சிக்கான முயற்சியில் அவருடைய துணை ரேமண்ட் லம்பேர். முன்னொரு விபத்தில் உறைபனியால் கால்விரல்களை இழந்தவர் அவர். இருவருக்கும் பொதுவாகப் பேச ஒரு மொழி சரியாக இல்லை. சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், தூங்குவதற்குப் பையும் இல்லாமல், அடுப்பும் இல்லாமல், ஒரு மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கிக் குடித்து இரவைக் கழித்தார்கள். மறுநாள் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை போனார்கள். அதற்கு முன் மனிதர் எட்டியதாக உறுதியாகத் தெரிந்த உயரங்களைவிட அது அதிகம். உச்சிக்கு இன்னும் சுமார் 250 மீட்டர்தான் இருந்தது. மேலே போயிருக்கலாம், திரும்பியிருக்க முடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் மீண்டும் சென்றனர். குளிரும் காற்றும் விரட்டிவிட்டன.

மலையேற விரும்பும் நம்மைப் போன்ற புதியவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். பணம் கட்டி, விடுப்பு எடுத்து, வீட்டில் சண்டை போட்டு வந்த பிறகு, கண்ணெதிரே தெரியும் உச்சியை விட்டுத் திரும்ப மனம் வருவதில்லை. மலையில் நேரும் மரணங்களில் பல அப்படித்தான் நேர்கின்றன. 1952இல் திரும்பத் தெரிந்ததால்தான் டென்சிங் 1953இல் மீண்டும் அங்கே இருந்தார்.

1953

1953ஆம் ஆண்டு ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. தொடக்கமே கசந்தது. காட்மாண்டுவில் பிரிட்டிஷ் தூதரகத்தில் வீரர்களுக்கு அறைகளும், ஷெர்பாக்களுக்குக் கழிவறை வசதியில்லாத பழைய வாகனக் கொட்டகையும் கொடுக்கப்பட்டன. டென்சிங் தம் ஆட்களோடு கொட்டகையிலேயே படுத்தார். மறுநாள் காலை ஷெர்பாக்கள் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். இரு தரப்பையும் சமாதானப்படுத்தி வேலையைத் தொடரச் செய்யும் பொறுப்பும் டென்சிங் தலையில்தான் விழுந்தது.

அதன் பிறகு தெங்போச்சே மடத்தின் அருகே தங்கி, குழுவினர் சுற்றியுள்ள சிறு சிகரங்களில் ஏறி இறங்கினார்கள். உயரே ஏறுவதும், இறங்கி வந்து தூங்குவதுமாக உடல் மெல்லிய காற்றுக்குப் பழகுகிறது. குறைந்த உயிர்வாயுவைக் கொண்டு வாழ இரத்தம் தன்னை மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். எவ்வளவு வலிமையான உடலுக்கும் இதில் விலக்கு இல்லை. அப்போதுதான் ஐலண்ட் பீக் ஏறப்பட்டது. எவரெஸ்டுக்கு ஆறு முறை சென்று வந்த டென்சிங்கும் அந்தப் பயிற்சியைத் தாண்டிக் குதிக்கவில்லை.

பனிவீழ்ச்சிப் பகுதியில் ஒரு நாள் ஹில்லரி பனிப்பிளவில் விழுந்தபோது, கயிற்றின் மறுமுனையிலிருந்த டென்சிங் உடனே கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காப்பாற்றினார். இருவரும் இணைந்து ஏறலாம் என்ற எண்ணம் உறுதியானது அப்போதுதான். மே 26ஆம் நாள் முதல் இணையான எவன்ஸும் போர்டில்லனும் தெற்குச் சிகரம் வரை சென்று திரும்பினர். மே 29, காலை 11.30 மணிக்கு ஹில்லரியும் டென்சிங்கும் 8,848 மீட்டர் உயர உச்சியில் நின்றார்கள்.

அன்று டென்சிங் உடுத்தியிருந்தவற்றைப் பார்த்தால் அவருடைய 18 ஆண்டுகளும் தெரியும். காலுறை ஆங் லாமு பின்னியது. கம்பளிச் சட்டை இமாலய மன்றத்தின் ஹெண்டர்சன் அம்மையார் கொடுத்தது. கழுத்தில் இருந்த சிவப்புத் துண்டு லம்பேருடையது. தலையில் இருந்தது டென்மன் விட்டுச்சென்ற பழைய கம்பளித் தொப்பி. உச்சியில் சில தின்பண்டங்களைப் படையலாகப் பனியில் புதைத்தார். மகள் நீமா கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் அதோடு வைத்தார். எழுதத் தெரியாத தந்தை, உலகின் உச்சியில் தம் மகளின் பென்சிலை வைத்துவிட்டு இறங்கினார்.

யார் முதலில்?

இறங்கி வந்ததும் தொல்லை தொடங்கியது. நேபாளம் தன் குடிமகன் என்றது, இந்தியாவும் உரிமை கொண்டாடியது. எல்லோரும் கேட்ட கேள்வி, உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்பதே. டென்சிங் முதலில் ஏறி ஹில்லரியை இழுத்துச் சென்றதாகக் காட்டும் படங்கள் காட்மாண்டு தெருக்களில் எழுந்தன. அதை அப்படியே விட்டிருந்தால் அவருடைய மக்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஹண்டுக்கும் ஹில்லரிக்கும் சர் பட்டம் கிடைத்தது, டென்சிங்கிற்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. இந்த வேறுபாடும் பலரை உறுத்தியது. மனக்கசப்புக்குக் காரணம் இருந்தது.

எனினும், 1955ஆம் ஆண்டு தாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி வெளிவந்த தன்வரலாற்றில் டென்சிங் உண்மையைப் பதிவு செய்தார். ஹில்லரி முதலில் கால் வைத்தார், தாம் அடுத்து ஏறினார். கயிற்றால் பிணைந்த இருவருக்கு நடுவே ஓரிரு அடி தூரம் பெரிதன்று என்பது அவர் கருத்து. தம்மைத் தூக்கிக் கொண்டாடியவர்களை ஏமாற்றமடையச் செய்யும் என்று தெரிந்தே அதைச் சொன்னார். எவரெஸ்டில் ஏறியதைவிட இதற்கு அதிகத் துணிவு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியர் டென்சிங்

புகழுக்குப் பிறகு அவர் தேர்ந்துகொண்ட வேலை, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. பிரதமர் நேருவும் மேற்கு வங்க முதல்வர் பி. சி. ராயும் முன்னின்று, 1954 நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினர். நந்து ஜயால் முதல் முதல்வர். டென்சிங் களப்பயிற்சி இயக்குநர். எவரெஸ்டைத் தொட்ட மறு ஆண்டே டென்சிங் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, அர்னால்ட் கிளாட்ஹார்ட் என்ற ஆசானிடம் மலையேற்றத்தைக் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். ஏறத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மாணவர்கள் முதலில் டார்ஜிலிங் அருகே பாறையில் கயிற்றுப் பயிற்சி பெறுவார்கள். இன்று அப்பாறைக்கு டென்சிங் பாறை என்றே பெயர். பிறகு சொந்தச் சுமையைச் சுமந்துகொண்டு சிக்கிம் மலைகளுக்கு நடப்பார்கள். அங்கே பனியில் நடக்கவும், கோடரியால் படி வெட்டவும், வழுக்கினால் தம்மை நிறுத்திக்கொள்ளவும் பழகுவார்கள். 1976ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வரை டென்சிங் இந்தப் பணியில் இருந்தார். 1959ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. 1986 மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் காலமானார். அப்போது இந்தியாவில் நியூசிலாந்துத் தூதராக இருந்த ஹில்லரி இறுதிச் சடங்கிற்கு வந்து கலந்துகொண்டார். பயிற்சிக் கழக வளாகத்தில் இன்று டென்சிங்கின் சிலை நிற்கிறது. ஐலண்ட் பீக் செல்வோர் வந்திறங்கும் லுக்லா விமான நிலையத்திற்கு 2008ஆம் ஆண்டு டென்சிங் – ஹில்லரி பெயர் சூட்டப்பட்டது.

நமக்கு

என் பாட்டி பாலோ வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். தோளில் கம்பு போட்டு, இரு முனையிலும் பால் வாளி தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிக்கொண்டு நடந்தவர். மழை பெய்த காலையில் சறுக்கும் மண்ணில் எப்படிக் கால் வைத்தால் பால் சிந்தாது என்பதை அவருக்கு யாரும் பள்ளியில் சொல்லித்தரவில்லை. நம் குடும்பங்களில் அதைக் கல்வி என்று யாரும் சொல்வதுமில்லை. டென்சிங்கின் வாழ்க்கையைப் படித்த பிறகு அது எத்தகைய கல்வி என்று எனக்குப் புரிந்தது.

1997 மே 23ஆம் நாள் நம் நாட்டின் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்டில் ஏறிய முதல் மலேசியர்கள் ஆனார்கள். இருவரும் தமிழர்கள் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையைச் சொல்லும்போது, அவர்களுக்கு முன்னால் ஏணியும் கயிறும் கூடாரமும் சுமந்து சென்ற ஷெர்பாக்களையும் சேர்த்தே சொல்வோம்.

எங்கள் நண்பர் குழு இன்னும் நேபாளத்திற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதுவரை ஞாயிறுதோறும் குனோங் லம்பாக் ஏறுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த முறை வெறுங்கையோடு அல்ல. தண்ணீர்ப் புட்டிகள் நிரப்பிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுகிறோம். முதல் வாரம் பாதி வழியிலேயே திரும்பிவிட்டோம். அதற்காக வெட்கப்படவில்லை.